ஹீட்டர் இல்லாத அறை

ஜனவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. மூன்று முறை போன் செய்தும், உன் குரல் கேட்டதும் வேறு எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.

போன வாரம் என் கால்விரல்கள் சிவந்து, நாவல்பழ நிறத்துக்குப் போய், வீங்கி, ஒரே அரிப்பு. போன குளிர்காலம் என் பிரசவத்துக்கு உதவியாக இங்கே வந்தபோது உனக்கு வந்த அதேதான். உன்னிடமிருந்து ஒட்டியதுதான் இத்தனை நாள் கழித்துத் தலைகாட்டுகிறது என்று மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

"இது யார்கிட்ட இருந்தும் ஒட்டாதும்மா. கால் குளிர்ல விறைச்சு, உடனே சூடு பட்டா இப்படி வீங்கும்" என்றார். கால் ஈரமில்லாமல் இருக்க வேண்டுமாம். தளர்வான கம்பளி சாக்ஸ் போட வேண்டும், சொறியக் கூடாது. வெந்நீர் கூடவே கூடாது, மெல்ல மெல்லத்தான் சூடாக வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடுமாம்.

கேட்கக் கேட்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குழந்தைக்கு ஒட்டிவிடும் என்று உன்னைப் பின்னறைக்கு மாற்றினேன். உன் துணியைத் தனியாகச் சில்லென்ற குழாய்த் தண்ணீரில் துவைக்கச் சொன்னேன். துவைத்து முடித்ததும் மருந்து கலந்த வெந்நீரில் காலை முக்க வைத்தேன். அது ஆறாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் நானே செய்திருக்கிறேன். போதாததற்கு அம்மாவிடம் "தொத்து வியாதியோட வர்றா, பார்த்துக்கோ" என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கால் தேவலையா? விரலை இறுக்கும் அந்தக் கறுப்பு ஷூவைத் தூக்கிப் போடு.

எனக்கு ஊர் திரும்பிய பத்தாம் நாளே ஆறிவிட்டது. ஆனால் என் தட்டும் டம்ளரும் இன்னும் தனிதான். அம்மா அவற்றை ஓரமாகக் கவிழ்த்து வைக்கிறாள். அண்ணன் மகளை நான் தூக்கினால் அண்ணி சிரித்துக்கொண்டே வந்து வாங்கிக்கொள்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. ஏனென்றால் நானும் நம்பினேன். உன் குழந்தைக்கு என்னால் ஏதாவது வந்திருக்குமோ என்று ஒரு வருஷமாகப் பயம். கேட்க வாய் வரவில்லை.

கடிதத்தைப் படித்துக் காட்ட மாட்டேன். பழி சொன்ன வாயே அதைத் திருத்தட்டும்.

வாலு

பிப்ரவரி 20

என் வாலுவுக்கு,

குழந்தை நன்றாக இருக்கிறாள், நடக்கிறாள். அதை முதலில் எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாதியில் அழுதுவிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ரூம்ல ஹீட்டர் இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு முகமில்லை. வியாதியைப் பற்றித்தான் எனக்குத் தெரியாது. நீ குளிரில் நடுங்கியது தெரியும்.

பின்னறையில் இப்போது ஹீட்டர் இருக்கிறது. அங்கே யாரும் படுப்பதில்லை. வருகிறாயா?

அக்கா

மார்ச் 9

அக்கா,

என் டம்ளர் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டது. நேற்று எது என்னுடையது என்று தேடினேன், தெரியவில்லை.

குழந்தையின் போட்டோ அனுப்பு. வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. உன் டாக்டர் காலுக்குச் சொன்னதுதான் எனக்கும். மெல்ல மெல்ல.

வாலு