கவிழ்த்து வைத்த சீட்டுகள்

ஏப்ரல் 29, திங்கள்

இன்று எனக்கு ஒரு சொல் கொடுத்தார்கள். கேர். மூன்று வாரத்துக்கு இந்த ஒரே சொல்தான். அயர்லாந்தில் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன், என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில்கூட அந்தச் சொல் இருந்தது. சிரிப்பு வந்தது. இங்கே லாட்வியாவில், இந்த அகராதி அலுவலகத்தில் யாரும் சிரிக்காததால் நானும் அடக்கிக்கொண்டேன்.

அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் இல்வா என்னைவிடப் பத்து வயது சின்னவள். வெற்றுச் சீட்டுகள் நிறைந்த ஒரு மரப்பெட்டியைத் தள்ளிவைத்து விதிமுறையைச் சொன்னாள். அந்த ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. மேலே அதற்கான லாட்விய வார்த்தை, கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியத்தை நாமாக எழுதக்கூடாது. யாராவது பேசி நம் காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். யார், எங்கே, எந்தத் தேதி என்பதும் வேண்டும்.

மே பதினேழாம் தேதி இல்வாவும், எதிர் மேசையில் பிழை திருத்தும் ஓயார்ஸும் சீட்டுகளைப் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் திரும்ப அயர்லாந்துதான். அங்கே மேலாளர் நோரீன் மே மாதக் கடைசிவரை என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.

எனக்குப் போக வேண்டாம். எழுதியே வைக்கிறேன், போக வேண்டாம். நாற்பத்தொரு வயதில் இனியாவது சொந்த மொழியில் கோபப்பட்டு வாழ வேண்டும்.

மே 1, புதன்

விடுமுறை. பொருள்களைப் பட்டியல் போட்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வது: அதற்கு 'அப்ரூப்பே' இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதுகிற வார்த்தை. பத்திரமாகக் கையாள்வது. கவலை. 'எனக்கென்ன வந்தது' என்கிற பொருள். ஆங்கிலக்காரன் ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறான். எனக்குத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வேறு வேறு பையில் வைக்கிற வேலை.

வாக்கியம்தான் கிடைக்கவில்லை. தலைக்குள் கேட்பதெல்லாம் அயர்லாந்துக் குரல்கள். சரி, தம்பி இருக்கிறானே என்று சமையலறையில் சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அவன் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். நார்மண்ட்ஸ் டிராலிபஸ் ஓட்டுகிறவன், நாள் முழுக்கப் பயணிகளைத் திட்டுகிற வாய். பேனாவைப் பார்த்ததும் ஊமையாகிவிட்டான். உருளைக்கிழங்குத் தோல் சீவும் சத்தம் மட்டும்தான். கடைசியில் சொன்னான்: "அதைக் கீழ வை அக்கா. போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி இருக்கு."

மே 4, சனி

சுதந்திரம் மீண்ட நாள், கொடி கட்டினோம். மழை. ஒரு சீட்டும் நிரம்பவில்லை.

மே 8, புதன்

கிடைத்தது! பதினெட்டாம் எண் வண்டியில் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் மருமகள் ஜன்னல் துடைக்காததைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். மற்றவள் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அவ துடைச்சா என்ன, துடைக்காட்டி என்ன, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். முழுதாகக் கேட்பதற்காக இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, மழையில் திரும்பி நடந்தேன்.

ஓயார்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசியவர் பெயர் என்ன என்று கேட்டார். முன்பின் தெரியாதவளிடம் பெயரை எப்படிக் கேட்பது? தொப்பி என்ன நிறம் என்றார். பச்சை என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். மனிதர் விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். மீன் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார், ஒன்றும் தெரியவில்லை.

மே 10, வெள்ளி

சந்தையில் முட்டை விற்பவள்: "பாத்து எடுங்க, இது கல்லு இல்ல." பத்திரமாகக் கையாள்வது முடிந்தது. மருந்துக்கடை வரிசையில் ஒரு தாத்தா, மகன் மூன்று நாளாகப் போன் பண்ணவில்லை என்று கடைக்காரியிடம் சொன்னார். கவலை முடிந்தது. அவர் சொன்ன வார்த்தை 'ரூப்பெஸ்'. ஒருவருக்காகக் கவலைப்படுவதும் அவரைப் பார்த்துக்கொள்வதும் எங்களுக்கு அந்த ஒரே வார்த்தைதான், ஆஸ்பத்திரிப் பலகையின் 'அப்ரூப்பே'கூட அதிலிருந்து வந்ததுதான். இதைப் பன்னிரண்டு வருடமாக நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து சோரல் கீரை சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். இந்த வேலை எனக்கு வரும் போலிருக்கிறது.

மே 14, செவ்வாய்

நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் நேற்று ஆஸ்பத்திரியில் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு பொருள் பாக்கி. அதுதான் கழுத்தைப் பிடிக்கிறது.

நீ எனக்கு முக்கியம், உன்மேல் எனக்கு அக்கறை இருக்கிறது - இப்படி ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது. அங்கே நான் காலைத் தேநீர் கொடுத்தாலே இல்லத்துக் கிழவிகள் என்னிடம் சொல்வார்கள். இங்கே இரண்டு வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறேன். பிளாட்பாரத்தில் வழியனுப்ப வந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்கள், பூங்காவில் காதலர்கள் - ஒருவர்கூடச் சொல்லவில்லை. பூங்காக் காதலன் அவளுடைய ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான், அவ்வளவுதான். ஜிப்பைச் சீட்டில் எப்படி எழுதுவது?

யாரிடமாவது அப்படிச் சொன்னதுண்டா என்று நார்மண்ட்ஸிடம் கேட்டேன்.

"பைத்தியமாக்கா உனக்கு? மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"விவாகரத்துக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிப் பாத்திருக்கலாம்ல?"

"அவளுக்கு மூணு குளிர்காலம் கார் டயர் மாத்திக் குடுத்தேன். அது போதாதா?"

மே 15, புதன்

நானே ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். கீழே 'தம்பி, சமையலறை, மே 14' என்று போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல வாக்கியம்தான். படிக்கிற யாரும் நம்புவார்கள்.

மே 16, வியாழன்

காலையில் முதல் வேலையாக அதைக் கிழித்தேன். நார்மண்ட்ஸ் அப்படிப் பேசுகிறவனா? அந்த வாக்கியத்தில் பேசியது நோரீன். லாட்விய வேஷம் போட்ட நோரீன். புதுச் சீட்டில் வார்த்தையை எழுதி, வாக்கியம் வரவேண்டிய இடத்தில் 'இரண்டரை வாரம் தேடினேன், யாரும் சொல்லிக் கேட்கவில்லை' என்று எழுதினேன். அரைகுறைச் சீட்டோடு நாளைக்குப் போகிறேன்.

மே 17, வெள்ளி

முடிந்தது.

இல்வா ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள், படித்தாள், ஓயார்ஸிடம் நீட்டினாள். அவர் படித்தார், மேசையில் கவிழ்த்து வைத்தார். நாற்பது நிமிடம். கடிகாரச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பச்சைத் தொப்பிக்கு ஒரு சிரிப்பாவது வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அரைகுறைச் சீட்டு வந்தபோது இல்வா அதை இரண்டு முறை படித்தாள். ஓயார்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். பிறகு அதையும் கவிழ்த்தார். இல்வா பெட்டியை மூடினாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள், மழை வருமாம். இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு வார்த்தை. நல்லா இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே. அங்கே தட்டைக் கழுவி வைச்சாக்கூட அருமைன்னு சொல்வாங்க. இங்கே ஜன்னலைச் சாத்தச் சொன்னாங்க. சாத்திட்டு வந்துட்டேன்.

மே 18, சனி

வருகிறேன் என்று நோரீனுக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்: தங்கமே, செல்லமே, எல்லாரும் குதிக்கிறார்கள். 25ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டேன். என்னை வேண்டும் என்று சொல்கிற இடத்துக்குப் போகிறேன், இதில் அழ என்ன இருக்கிறது? அழுதேன்.

மே 20, திங்கள்

அலுவலகம் போகவில்லை. நேரில் போய் 'இல்லை' என்பதையும் கேட்டு வாங்க வேண்டுமா?

நார்மண்ட்ஸிடம் டிக்கெட்டைக் காட்டினேன். சரி என்றான். பால்கனியில் உட்கார்ந்து என் பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டான். அவனுக்கும் அறை காலியானால் நல்லதுதான். விவாகரத்துக்குப் பிறகு தனியாகவே இருந்து பழகியவன்.

மே 21, செவ்வாய்

துணிகளை மடித்தேன். குளிர்கோட்டை இங்கேயே விட்டுவிடலாம்.

மே 22, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் இல்வாவும் ஓயார்ஸும். அவள் கையில் ஏழு லைலாக் பூங்கொத்து, அவர் கையில் ருபார்ப் கேக். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓயார்ஸ் பெயர்நாள் வாழ்த்து என்றார். அப்போதுதான் உறைத்தது. அப்பா எனக்கு ஒரு புல்லின் பெயரை வைத்தார், ஸ்மில்கா. எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் குறித்திருக்கும், அந்தப் பெயர் உள்ளவர்களுக்கு அன்று கொண்டாட்டம்; என் பெயர் எந்த நாளிலும் இல்லை. அப்படி இடம் கிடைக்காத எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள்தான், மே 22. பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வேண்டியவர்கள் தாங்களாகவே வருவார்கள். அயர்லாந்தில் பன்னிரண்டு வருடம் அப்படி யாரும் வந்ததில்லை. நாளே மறந்துபோயிருந்தது.

இல்வா கூடத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"மூணு நாளா உங்க நாற்காலி காலியா இருக்கு. உடம்பு முடியலையோன்னு நினைச்சோம். ஊருக்கா கிளம்புறீங்க?"

"நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையே," என்றேன். குரல் உடைந்துவிட்டது, வெட்கமாக இருந்தது.

அவள் நிஜமாகவே குழம்பிப்போனாள். "சொல்றதுக்கு என்ன இருந்துச்சு? எல்லாம் சரியா இருந்துச்சே."

ஓயார்ஸ் கேக்கை மேசையில் வைத்தார். தப்பு இருந்தால்தான் பேசுவார்களாம். போன வருடம் வந்த ஒருவரிடம் மாலை ஏழு மணிவரை பேசினார்களாம், அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சோதனைக்குக் கொடுக்கிற ஒவ்வொரு சொல்லிலும், இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பொருள் இருக்குமாம். வந்தவர்கள் எல்லாரும் அதற்கு அழகாக ஒரு வாக்கியம் செய்துகொண்டு வருவார்களாம்.

"கேக்கலைன்னு எழுதிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்," என்றார். சொன்ன பிறகு, அதிகம் பேசிவிட்டவர் போலக் கத்தியைத் தேடினார்.

கேக் நன்றாக இருந்தது. நார்மண்ட்ஸ் வேலை முடிந்து வந்தான், வாசலில் அந்நியச் செருப்புகளைப் பார்த்தான், மூன்று நிமிடத்தில் விஷயம் முழுவதும் தெரிந்துகொண்டான். விருந்தினர்கள் போனபிறகு அவனைப் பிடித்துக்கொண்டேன்: போகாதே என்று நீயாவது சொல்லியிருக்கலாமே?

"நான் யாரு அக்கா, உன்னைத் தடுக்க?" தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னான், திரும்பவில்லை. "பெட்டியை எடுத்து அலமாரி மேல வைக்கட்டா?"

வைக்கச் சொன்னேன். கழுவி முடித்த தட்டையே மறுபடி கழுவினான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நோரீனுக்கு உண்மையை அப்படியே எழுதினேன். முதல் வரியில் அழுகிறாள், இரண்டாம் வரியில் வாழ்த்துகிறாள். நல்லவள். டிக்கெட் போனது போகட்டும்.

மே 23, வியாழன்

எட்டரைக்கு அலுவலகம். என் மேசையில் புதுப் பெட்டி, புதுச் சொல், வெற்றுச் சீட்டுகள். இல்வா தலையை மட்டும் அசைத்தாள். ஓயார்ஸ் ரொட்டியைத் தின்றார். நாள் முழுவதும் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது!