ஆயிரத்து எண்ணூறு கிராம்

வீட்டு அரசாங்கத்தை நடத்தும் என் மனைவிக்கு,

நான் சுகம். நீயும் மகளும் பேரனும் எப்படி? பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும் என்றுதான் எழுதிப் போனில் அனுப்புகிறேன்.

எட்டாம் மாதமே பிறந்தவன் ஆயிரத்து எண்ணூறு கிராம் என்றாய். அது எவ்வளவு என்று பார்க்க, கிடங்குத் தராசில் அதே எடைக்குச் சர்க்கரை நிறுத்துப் பொட்டலம் கட்டிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டார். "என்னய்யா, சர்க்கரைக்குத் தாலாட்டா?" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு கையிலேயே அடங்கிவிட்டது.

நம் ஊர்த் தாய்சேய் குழு அக்கா சொன்னபடி எல்லோரும் முறைவைத்துக் குழந்தையை வெறும் நெஞ்சில் அணைத்துச் சூடு கொடுக்கிறீர்கள். மாப்பிள்ளை மட்டும் வெட்கப்பட்டுப் பனியனோடு உட்காருகிறார் என்றாயே. பனியனுக்குச் சூடு கொடுத்து யாருக்கு லாபம்? மாமனார் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லிக் கழற்ற வை. நான் அங்கிருந்தால் இந்தத் தொந்தியையே தொட்டிலாக்கியிருப்பேன்.

அவன் கால் படம் ஒன்று அனுப்பு. பால் எத்தனை தடவை குடித்தான் என்றும் எழுது. எடை கூடாவிட்டாலும் மறைக்காதே.

லாரி வந்துவிட்டது, கத்துகிறார்கள். தினமும் காலையில் எடை சொல்பவள் நீ, நேற்று ஏன் சொல்லவில்லை?