நீ பாடிய ‘போறன்’

என் பாட்டுக்கார அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். நீ இருக்கும்போது வாய் திறந்து கேட்காததை, இப்போது நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி இசையில் உன் முதல் ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அட்டைப்படத்தில் சேலைக்குக் கீழே அந்தக் கவ்பாய் சப்பாத்தோடு நிற்கிறாய். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த மாமாவுக்குப் படத்தையும் பாட்டுத் தலைப்புகளையும் போனில் காட்டினேன்.

“கன்ட்ரி பாட்டு எண்டால் நாட்டுப் பாட்டுத்தானே பிள்ளை? இதில எங்கட நாடு எங்க? முழுக்க லொறியும் பியருமாக் கிடக்கு!”

சிரித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நீ இதைக் கேட்டு எப்படிச் சிரித்திருப்பாய்!

கடைசிப் பாட்டில்தான் எல்லாம் நிற்கிறது. முழுவதும் ஆங்கிலம், ஒரே ஒரு சொல் தமிழ்: “போறன்.” சமையலறையில் நீ அதை முதல்தடவை பாடியபோது அம்மா கரண்டியோடு திரும்பியது நினைவிருக்கிறதா?

“வெளிக்கிடேக்க ஆரும் போறன் எண்டு சொல்லுறதே? போட்டு வாறன் எண்டு பாடு.”

“தாளத்துக்குள்ள அவ்வளவு கொள்ளாதம்மா.”

“அப்ப தாளத்தை மாத்து!”

நீ வேண்டுமென்றே இன்னும் உரக்கப் பாடினாய். அதைப் பதிவுசெய்து சில வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை.

அந்தச் சொல்தான் உன்னைக் கொண்டுபோனது என்கிறார் அம்மா. அந்தப் பாட்டு வெளியே வந்தால் தான் இந்த வீட்டில் இருக்கமாட்டாராம். பாட்டை வெட்டுவதா விடுவதா என்று ஸ்டூடியோக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால் அவருடைய மின்னஞ்சல் எல்லாம் எனக்குத்தான் வருகிறது. இவ்வளவு படித்தும் ஒரு வரி பதில் எழுத வரவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். வெட்டினால் உன்னை இன்னொரு முறை இழப்பேன். விட்டால் அம்மாவை.

நேற்று மோர்டனில் நம் வீட்டுக்கு வரும் ரயிலில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். “போறன்” என்று நிறுத்துகிறாய். பிறகு கொஞ்ச நேரம் கிற்றார் மட்டும். ஏன் அங்கே இடம் விட்டாய்? வாசலில் நிற்கிற ஒருத்தர் “போட்டு வா” என்று சொல்வதற்கு வேண்டிய அளவு இடம் அது.

யாராவது சொல்ல வேண்டும்தானே?

வகுப்பில் பதில் தெரிந்தும் கை உயர்த்தாதவள் நான். ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்த மைக்குக்கு முன்னால் நிற்பேன். உன் சொல்லை ஒருவரையும் வெட்ட விடமாட்டேன். நீ விட்ட இடத்தில் “போட்டு வா” என்று பாடுவேன். அம்மாவையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் இருத்துவேன். அவருக்கு அது போதுமா, தெரியாது.

எனக்குப் போதாது, அக்கா. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கனவிலயெண்டாலும் சரி, திரும்பப் போனாலும் சரி. ஒருக்கா வந்திட்டுப் போ.

உன் குரலுக்குப் பின்னால் ஒளிந்தே வளர்ந்த
தங்கச்சி