பிள்ளையாரை உள்ளே வைத்த அன்று

தங்கச்சி,

உன் மடிக்கணினியைத் திறந்தால் இன்னும் தைல வாசனை அடிக்கிறது. தலைவலி வந்தால் நெற்றியில் தேய்த்த விரலோடுதான் தட்டுவாய். போன ஆடியில் நீ கண்மூடிய பிறகு உன் வீட்டுக்காரர் இதை என்னிடம் கொடுத்தார். "கோயில் வெப்சைட்டை நீங்களே பாருங்கக்கா. அவளும் அதைத்தான் சொன்னா." பூஜை நேரம் போடுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? முருகன் இருக்கிறான் என்று வாங்கிக்கொண்டேன்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, யூனிபார்மோடு கோயில் ஆபீசில் வந்து உட்கார்ந்து நீ கட்டிய தளம் அது. ஒரு நாள், தளத்தை ஓட்டும் சின்னச் சின்ன நிரல்கள் இருந்த ஒரு போல்டரைத் திறந்து காட்டினாய்.

"மத்த பிளகினுக்கெல்லாம் ஆன், ஆஃப் இருக்குக்கா. இதுல உள்ளதுக்குக் கிடையாது. போட்டா போதும், தானா ஓடும்."

"யாரும் அமுக்க வேணாமா?"

"வேணாம் லா."

"முருகா! உடம்பே சிலிர்க்குது, இங்க பாரு."

"உங்களுக்குப் பிரிண்டர் ஓடினாலும் சிலிர்க்கும்," என்று சிரித்தாய்.

இந்த மார்கழியில், தைப்பூசப் பால்குடப் பதிவு திறக்கும் நாள். காலையிலேயே குளித்து, விளக்கேற்றி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அந்தப் போல்டரைப் பார்த்தேன். அதற்குள்ளே பஞ்சாங்கத்துக்கு ஒரு போல்டர், பதிவுப் படிவத்துக்கு ஒன்று, வரிசை எண்ணுக்கு ஒன்று. பிள்ளையார் என்று பெயர் வைத்த ஒரே ஒரு பைல் மட்டும் வெளியே தனியாகக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சன்னிதி என்று ஒரு போல்டர் போட்டு அவரை உள்ளே வைத்து, கும்பிட்டும் கொண்டேன்.

எட்டு மணிக்குக் கோயில் தலைவர் கூப்பிட்டார். "அக்கா, பதிவு ஃபார்ம் எங்க? எல்லாரும் போன் போட்டு ஏசுறாங்க லா!"

தளத்தைத் திறந்தால், படிவம் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் மட்டும் நின்றது. நீ விட்டுப்போனதை ஐந்தே மாதத்தில் அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் தொட்டது பிள்ளையாரை மட்டும்தானே? அந்தப் பைலைத் திறந்தேன். மேலேயே தமிழில் எழுதி வைத்திருந்தாய்: "இவர் வெளியேதான் இருக்கணும். வாசல்ல உள்ள பைலை மட்டும்தான் சிஸ்டம் பார்க்கும், அறைக்குள்ள போகாது. உள்ள இருக்கிறவங்கள இவர்தான் கூப்பிடணும்."

அதற்குக் கீழே அவர் கூப்பிடும் வரிசை. முதலில் பஞ்சாங்கம், அது வராமல் படிவம் எந்த நாளைக் காட்டும்? அடுத்துப் படிவம். அதன் பிறகுதான் வரிசை எண். மொத்தமே நாலைந்து வரி. தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் ஏறி முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது பேச்சு நின்றுபோகுமே, அப்படி நின்றுபோனது. எனக்குப் பேச்சு நின்றது என்றால் நீ நம்பமாட்டாய்.

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு அவரை வாசலுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் வந்துவிட்டது. யாரும் எதையும் அமுக்கவில்லை.

மத்தியானம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெண் பேசினாள். பிள்ளை பிறந்த வேண்டுதலாம், முதல் பால்குடமாம். "கோயிலுக்கு வந்து பதிய லீவு கிடைக்கலக்கா. வேலையிடத்துல நின்னுகிட்டே போன்ல பதிஞ்சிட்டேன். இதைச் செஞ்சவங்க நம்பர் குடுங்களேன், ஒரு வார்த்தை நன்றி சொல்லிக்கிறேன்."

உன் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அதை எப்படிக் கொடுப்பேன்?

"நான் சொல்லிடறேன்மா," என்றேன்.

சொல்லிவிட்டேன், தங்கச்சி.