வெள்ளாவிக்குப் போன மேல்துணி

என் கண்ணான முனியம்மாவுக்கு,

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு மறுபடி வேலைக்கு இறங்கத் தொடங்கிவிட்டேன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஷாப்ட்டில் எப்போதும்போல மழைதான். எங்களை ஏற்றிக்கொண்டு கேஜ் இறங்க இறங்கப் பாறையிலிருந்து தலைமேல் சொட்டுகிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன்னைப் பாடையில் வைத்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மாதிரி குந்திகினு கீறியே, அழுதுடுடா" என்று அக்கா முதுகில் அடித்தாள். அடித்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த மூன்று லோட்டாக்கள் நினைவிருக்கிறதா? நான் தினமும் நனைந்து வந்து இருமுகிறேன் என்று, எந்தத் துணி தண்ணீர் தாங்கும் என்று பார்க்கப் பழைய சேலையைக் கிழித்து மூன்றின் வாயிலும் கட்டினாய். ஒன்று வெறும் துணி. ஒன்றில் விளக்கெண்ணெய் தடவினாய். இன்னொன்றில் நான் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து, நெருப்புப் போட்ட செம்பால் இஸ்திரிபோல அழுத்தினாய். தண்ணீர் ஊற்றினால், வெறும் துணியில் உடனே இறங்கியது. எண்ணெய்த் துணியில் கொஞ்சம் தயங்கி இறங்கியது. மெழுகுத் துணியில் மட்டும் சேப்பங்கிழங்கு இலைமேல் ஓடுவதுபோல உருண்டு ஓடியது.

"இன்னா மாமா, பாத்தியா? தொரைங்க கோட்டுகூட இப்டி நிக்காது" என்றாய். வாய்தான் உனக்கு! என் மேல்துணி முழுக்க மெழுகு ஏற்றிவிட்டாய். அதைத் தோளில் போட்டுவிடும்போதெல்லாம், "நனையாம வந்து சேரு" என்பாய்.

கருமாதியன்று தீட்டுக் கழிய வீட்டுத் துணியெல்லாம் வண்ணாருக்குப் போடுவது வழக்கம்தானே. அக்கா மூட்டை கட்டினாள். உள்ளே அந்த மேல்துணியும் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? வெள்ளாவிச் சூட்டில் மெழுகு எங்கே நிற்கும்?

துணி பஞ்சு மாதிரி திரும்பி வந்தது. "இன்னா வெளுப்பு பாரு" என்று அக்கா கொடுத்தாள். அவளை என்ன சொல்ல? விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உள்ளே போய்விட்டது. இன்னொன்று விட்டேன், அதுவும் போய்விட்டது. அப்போதும் அழவில்லை. ஆனால் நீ செத்துப்போய்விட்டாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நேற்று நானே மெழுகு தேய்த்துச் செம்பால் அழுத்தினேன். உன் கைப்பக்குவம் எனக்கு வருமா? இன்று கேஜில் இடது தோளில் மட்டும் தண்ணீர் இறங்கியது. சில்லென்றது. ரொம்ப நாளுக்குப் பிறகு உடம்புக்கு ஏதோ ஒன்று உறைத்தது.

அந்த இடத்தை மறுபடி தேய்ப்பேன். கதவைத் திறக்க நீ இல்லாவிட்டாலும், தினமும் நனையாமல் வந்து சேருவேன்.

உன் மாமன்