பாறையோடைக்குப் போட்ட பொய் அளவு

வடக்குத்து,
26 செப்டம்பர் 2025

அன்புள்ள இசைப்பிரியாவுக்கு,

வெண்மதி எழுதிக்கொள்வது. அன்றைக்குப் பேசியதற்குப் பிறகு போனை நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. அப்பாவுக்கு மைன்ஸில் இன்னும் கான்ட்ராக்ட்தான், இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். எனக்குக் கடலூர் மண் பரிசோதனைக் கூடத்தில் மார்ச் வரை நீட்டிப்பு. உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் போனபோது உன் அப்பாவைப் பார்த்தேன். நீ கம்பெனியில் பெரிய பொறுப்புக்கு வந்துவிட்டதாகப் பூரித்துப்போய்ச் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து அமிர்தம் அக்கா பேசினார். ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷம் நம்மை வீட்டில் வைத்துச் சோறு போட்டாரே, அவர்தான். பாறையோடைக் கரையில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டி முடித்துவிட்டார்களாம். ஐப்பசி பிறந்ததும் நாற்பத்திரண்டு பிள்ளைகள் குடிபோகிறார்களாம். அக்காவின் மகள் பவித்ராவும் உண்டு. “நீங்க ரெண்டு பேரும் அளந்த எடம்தானே கண்ணு, நம்பி அனுப்பலாமில்ல?” என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றேன். அந்த விடுதிக்காக உன் கம்பெனி கொடுத்த அறிக்கையை அவர் மூலமாகவே வாங்கிப் படித்தேன்.

முப்பத்தோராம் பக்கம். பாறையோடையில் எப்பேர்ப்பட்ட மழைக்கும் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது என்று போட்டிருக்கிறாய். கீழே இருக்கும் அட்டவணையில் அக்டோபர் பதினெட்டு, மாலை நாலு மணிக் கட்டம் காலி. அன்றைக்கு எனக்குக் குளிர்ஜுரம். என் பொறுப்பில் இருந்த மண்ணோடைக்கு அளவெடுக்கப் போக முடியாமல் நான் விட்ட கட்டம் அது. பாறையோடை உன் பொறுப்பு, நீ ஒரு நாள்கூட விட்டதில்லை. என் நோட்டின் நகலை எடுத்து, மண்ணோடை என்ற தலைப்பை மட்டும் பாறையோடை என்று மாற்றியிருக்கிறாய்.

தவறுதலாக நடந்திருக்கும் என்று நம்பித்தான் முதலில் போன் செய்தேன். ரோட்டை ஒட்டிய அந்த இடம்தான் கம்பெனிக்கு வேண்டும் என்றாய். அரை கிலோமீட்டருக்குள் இருக்கிற இரண்டு ஓடைகள், ஒரே மழை, யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்றாய். இதை யாரிடம் சொல்கிறாய் இசை?

நெய்வேலிச் செம்மணலில் வளர்ந்தவர்கள் நாம். எவ்வளவு பெய்தாலும் மண் உறிஞ்சிக்கொள்ளும், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் செருப்பில் சேறு ஒட்டாமல் பள்ளிக்கூடம் போவோம். அதே நினைப்பில்தான் முதல் வருஷம் பாறையோடையில் முழங்கால் உயரத்துக்கு அளவுகோல் நட்டோம். அங்கே மண் ஒரு சாண்தான், அடியில் விரிசலே இல்லாத பாறை. பெய்ததெல்லாம் அப்படியே இறங்கியது. இருபத்தைந்து நிமிஷத்தில் உன் மார்பு வரைக்கும் வெள்ளம். கோல் போயிற்று. உன்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அதே மழைக்கு மண்ணோடை மறுநாள்தான் நாலு விரல் ஏறியது. அங்கே ஆளுயரத்துக்கு மேல் செம்மண், அதன் அடியில் உதிர்ந்த பாறை. குடித்த தண்ணீரைத் தை மாசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அந்த வித்தியாசத்தை எழுதித்தான் நீ பட்டமே வாங்கினாய்.

அறிக்கையின் கடைசியில், அளவு எடுத்தவர் என்று என் பெயரையும் போட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டாயா? அம்மாவிடம் சொன்னால், “நம்ம வூட்ல சாப்ட்டுகினு கெடந்த பொண்ணு, அது அப்பிடியெல்லாம் பண்ணாது” என்று என்னைத்தான் திட்டுகிறாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் ஆறு, திங்கட்கிழமை, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். நம் இரண்டு பேர் நோட்டும் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் போவேன். அந்தப் பிள்ளைகள் அங்கே ஒரு மழைக்குக்கூட இருக்கக் கூடாது.

தலைப்பை மாற்றியது யார் என்று அவர்கள் கேட்பார்கள். என் வாயால் உன் பெயரைச் சொல்ல வைக்காதே. எனக்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு இசை, உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆறாம் தேதி வரைக்குமாவது உன் தோழி,
வெண்மதி