பக்கிளை அனுப்பவில்லை அப்பா

என் செல்ல அப்பாவுக்கு,

பக்கிள் நன்றாக இருக்கிறான். நீ முதலில் அவனைத்தான் விசாரிப்பாய் என்று தெரியும், அதனால் அதையே முதலில் சொல்லிவிட்டேன். அம்மாவும் நானும் இருக்கிறோம்.

ஆனாலும் நீ செய்துவிட்டுப் போன வேலை இருக்கிறதே! ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கராக இருந்தால், நாய்க்குட்டி கடித்து விளையாட வெட்டி மிஞ்சிய தோல் துண்டையா வீட்டுக்குக் கொண்டு வருவாய்? தோல் என்றாலே தனக்குத்தான் என்று பக்கிள் நினைத்துக்கொண்டான். ராணிப்பேட்டையில் எந்த வாசலில் தோல் இல்லை? தெருவில் ஒரு செருப்பு தப்பவில்லை. நீ இருந்தவரை சிரித்துப் பேசிச் சமாளித்தாய்.

போன மாதம் ஹவுஸ் ஓனர் தன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவைக் குதறிவிட்டான். நல்ல மனிதர், அவருக்கே பொறுக்கவில்லை. "இன்னாம்மா இது, ஒரே பேஜாரா இருக்குது. ஒண்ணு டிரெயினிங் குடு, இல்ல யாருக்காவது குடுத்துடு" என்றார்.

எனக்கோ ஷிஃப்ட் வேலை. அம்மா நீ போனபிறகு வாசலைத் தாண்டுவதே இல்லை. யார் பழக்குவது? டிரெயினரிடம் விட்டுவிடலாம் என்றேன். அம்மா பக்கிளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அரக்கோணத்திலிருந்து டிரெயினர் வந்தார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "ஒரு மாசம் நம்ம இடத்துல வுடுங்க மேடம். திரும்பி வரும்போது வேற நாயா வரும்" என்றார்.

"வேற நாய் எங்களுக்கு எதுக்குப்பா?" என்றாள் அம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய ஷூ பக்கிள் வாயில் இருந்தது. "டிராப்! டிராப்!" என்று அவர் அதட்டினார். நான் கெஞ்சினேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா எழுந்து வந்து, "ரிஜெக்ட்!" என்றாள். தையல் பிசகிய ஷூவை நீ ஒதுக்கித் தள்ளுவாயே, அதே கறார். ஷூவைக் கீழே போட்டுவிட்டு, வாலாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

அப்படியா அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய்? நான் டூட்டிக்குப் போன நேரத்தில் நீங்கள் மூன்று பேரும் வேறு என்னவெல்லாம் செய்தீர்கள்?

டிரெயினர் சிரித்துவிட்டார். "பாதி வேலை ஏற்கெனவே ஆயிருக்கு மேடம். நான் கூட்டினு போனா என் வார்த்தையைத்தான் பழக்குவேன், இந்த வார்த்தை மறந்துடும். வீட்லயே பழக்குங்க. ஞாயித்துக்கிழமைல நான் வந்து பாக்கறேன்." மறந்துடும் என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

தோல் துண்டை நிறுத்திவிட்டோம், கடிக்கக் கயிறு முடிச்சுதான். காலையில் அம்மா அவனைத் தெருவில் அழைத்துப் போகிறாள். ஆம், அம்மாதான்! ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துவாள், செருப்பைத் தொடாமல் நகர்ந்தால் பிஸ்கட். சில நாள் கேட்கிறான், சில நாள் தறிகெட்டு ஓடுகிறான். நான் சொன்னால் கொட்டாவி விடுகிறான்.

நேற்று ஹவுஸ் ஓனர் வேண்டுமென்றே தன் ஷூவை நம் வாசலில் கழற்றிவிட்டு நின்றார். பக்கிள் மோந்து பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டான்.

"இன்னாம்மா, என் ஷூ அவ்ளோ மட்டமா?" என்றார். அம்மா சத்தமாகச் சிரித்தாள் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்து அம்மா அவனை வண்டியில் உட்காரப் பழக்கப்போகிறாளாம். காவேரிப்பாக்கம் ஏரிக்கு மூன்று பேரும் போவதாகத் திட்டம். அம்மாவை இனி வீட்டுக்குள் முடங்க விடமாட்டேன். பக்கிளை எங்கேயும் அனுப்பமாட்டேன். உன் பேச்சைக் கேட்கிறவன் ஒருவன் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறான் அப்பா, அவன் இங்கேயேதான் இருப்பான்.

உன் மூத்த பிள்ளை, பக்கிளின் அக்கா,
ஹேமா